பெயர் அட்டைக்குப் பின்னால்

திரையில் என் முகம் வந்தபோது என் வாயில் இஞ்சி மிட்டாய் பாதி கரைந்திருந்தது.

பக்கத்தில் ஏமஸ் விட்லோ உட்கார்ந்திருந்தார். எங்கள் தேவாலயச் சபையின் டீக்கன். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வெளியே வரும் கருநீலக் கோட்டும், புதிதாகப் பாலிஷ் போட்ட ஷூவும் அணிந்திருந்தார். மனைவி டோர்கஸ் உயிரோடிருந்த வரை அறிவியல் புனைகதைக்காரர்களின் இந்த மாநாட்டை அவர் எட்டிப் பார்த்ததில்லை. 'ராக்கெட் திருவிழா' என்று கேலி செய்வார். செப்டம்பரில் டோர்கஸ் இறந்தாள். ஜனவரியில் மாநாட்டிலிருந்து கடிதம் வந்தது. கடந்த ஆண்டு மறைந்தவர்களுக்கான நினைவு நிகழ்ச்சியில் அவள் படத்தையும் காட்டப்போவதாக எழுதியிருந்தார்கள். ஏமஸ் அதைச் சபையில் எழுந்து நின்று வாசித்தார். இருபத்து மூன்று வருடம் அவள் உழைத்த இடத்தில் ஒரு நிமிடமாவது எல்லோரும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அதற்காகத்தான் பிப்ரவரி மழையில், எழுபத்தாறு வயதில், டகோமாவிலிருந்து இரண்டு பஸ் மாறி விமான நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் அந்த ஓட்டலுக்கு வந்திருந்தார்.

குடும்பப் பெயர்களை ஆங்கில அகர வரிசைப்படி போட்டார்கள். அதனால் விட்லோ கடைசி. அதற்கு முன்னால் பதினாறு முகங்கள் பியானோ இசையோடு வந்து போயின. ஒவ்வொரு முகம் மாறும்போதும் ஏமஸ் நாற்காலியில் சற்று முன்னால் நகர்ந்தார். பிறகு திரை ஒருமுறை இருண்டு வெளிச்சமானது. மூக்குக் கண்ணாடி, நரைத்த குட்டை முடி, இடது கன்னத்து மச்சம். ஏழடி உயரத்தில் நான். எனக்கு முன்னால் மேஜையில் 'டோர்கஸ் விட்லோ' என்று எழுதிய பெயர் அட்டை. கீழே பிறந்த வருடம், இறந்த வருடம்.

அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. நானும் எழுந்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. நானூறு பேர் என் முகத்துக்குத் தலை குனிந்து நின்றார்கள். இந்த ஓட்டலின் லிஃப்டில் இருபத்து மூன்று வருடமாக என் தோளுக்கு மேலாகப் பேசிக்கொண்டவர்கள் அவர்கள். நான் பெற்ற ஒரே மரியாதை அதுதான். அதுவும் என்னுடையதல்ல.

முன்வரிசைப் பெண் ஒருத்தி திரும்பி ஏமஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. "எவ்வளவு களையான முகம்! நீங்க குடுத்து வச்சவரு" என்றாள்.

ஏமஸ் அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "ரொம்ப நன்றி மேடம்" என்றார்.

என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

*

எங்கள் சங்கத்தின் பெயர் 'வேற்று வானம்'. சங்கம் என்றதும் கட்டடத்தையோ சம்பளக்காரர்களையோ நினைக்க வேண்டாம். டோர்கஸ், நான், தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெனடிக்ட் இலகன், மடக்குகிற மேஜை ஒன்று, டோர்கஸ் நட்சத்திரம் வைத்துத் தைத்த மேஜைத் துணி, ஒரு கிண்ணம் இஞ்சி மிட்டாய். அவ்வளவுதான். எதிர்காலத்தைப் பற்றியும் வேற்றுக் கிரகங்களைப் பற்றியும் எழுதப்படுகிற கதைகளில் எங்களைப் போல வெள்ளையர் அல்லாதவர்களும் இருக்க வேண்டும், எழுதுகிறவர்களிலும் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேலை. வருடத்துக்கு ஒரு புது எழுத்தாளரைப் பயிற்சிப் பட்டறைக்கு அனுப்புவோம். வருகிற கையெழுத்துப் பிரதிகளைப் படித்துப் பதில் எழுதுவோம். மாநாடு நடத்துபவர்களுக்குக் கடிதம் எழுதுவோம். 'தயவுசெய்து இந்த முறை எங்கள் எல்லோரையும் ஒரே அமர்வில், ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, சமையலறைக்குப் பக்கத்து அறையில் போட வேண்டாம்.' ஒவ்வொரு வருடமும் அன்பான பதில் வரும். ஒவ்வொரு வருடமும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, சமையலறைக்குப் பக்கத்து அறையில், பன்றி இறைச்சி வறுபடும் வாசனையில் உட்கார்ந்திருப்போம்.

மாநாட்டில் எங்கள் ஆட்கள் கொஞ்ச நேரம் மூச்சுவிட்டு உட்காரத் தேநீர் அறை ஒன்றும் வைத்திருந்தோம். அதில் படம் எடுக்கக் கூடாது என்பது டோர்கஸ் போட்ட விதி. முன்பொரு தடவை யாரோ அங்கே எங்களைப் படம் பிடித்துக்கொண்டுபோய், 'எல்லோருக்கும் இங்கே இடமுண்டு' என்று மாநாட்டு விளம்பரத்தில் போட்டார்கள். அந்த வருடம் எங்கள் அமர்வையே ரத்து செய்திருந்தார்கள். அன்றிலிருந்து எந்தக் கேமராவைக் கண்டாலும் டோர்கஸ் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுடைய படம் ஒன்றுகூட மாநாட்டுக்காரர்களிடம் இல்லாமல் போனது அப்படித்தான்.

என் படம் அவள் பெயருக்குப் பின்னால் வந்தது வேறு கதை.

டோர்கஸ் என்னைவிட ஒரு சாண் உயரம், என்னைவிடக் கறுப்பு, கன்னத்தில் மச்சம் கிடையாது. அப்படியும் முதல் வருடத்திலிருந்தே என்னை டோர்கஸ் என்றும் அவளை எர்லீன் என்றும் அழைத்தார்கள். நாங்கள் திருத்தினோம். மன்னிப்புக் கேட்பார்கள். மறுநாளும் அதே கதை. ஐந்தாறு வருடத்தில் திருத்துவதை விட்டுவிட்டோம். அதுவே எங்களுக்குள் விளையாட்டாகவும் ஆனது. காலையில் கண்ணாடி முன்னால் நின்று, "இன்னைக்கு டோர்கஸ் யாரு? நீயா நானா?" என்பாள். இரண்டு வருடத்துக்கு முன்னால், அந்த ஞாயிறு அமர்வு அன்று, அவளால் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. நோயின் தொடக்கம் அது. எங்களுக்குத் தெரியாது. "நீ போயி என் பேருக்குப் பின்னால உக்காரு. ஒருத்தனுக்கும் தெரியாது பாரேன்" என்றாள்.

போனேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் டோர்கஸாக இருந்தேன். மாநாட்டுக்காரர் ஒருவர் அந்த அட்டையோடு என்னைப் படமும் எடுத்தார். முடிந்ததும் ஒருவர் கைகுலுக்கி, "வருஷா வருஷம் நல்லாப் பேசறீங்க டோர்கஸ்" என்றார். நான் அறைக்கு ஓடிவந்து இதைச் சொன்னபோது அவள் தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தாள். நானும் கண்ணீர் வரச் சிரித்தேன். யாரோ எங்களுக்குச் செய்த அவமரியாதையை எடுத்து நாங்களே போர்வையாகப் போர்த்திக்கொண்டோம். அது கதகதப்பாக இருந்தது. தேவன் எங்களை மன்னிக்கட்டும்.

*

மாநாட்டு நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பு ஜூடித். கெட்டவள் இல்லை. எனக்கு முழங்கால் அறுவை நடந்தபோது சூப் கொண்டுவந்தவள். அந்தப் பாத்திரத்தின் மேல் 'டோர்கஸுக்கு' என்று எழுதியிருந்தாள். அவ்வளவுதான்.

"ஜூடித், அந்தப் படம் என்னோடது" என்றேன்.

அவள் சிரித்தாள். என் முகத்தில் சிரிப்பில்லை என்று கண்டதும் மடிக்கணினியைத் திறந்து படத்தைப் பெரிதாக்கினாள். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மீண்டும் படத்தைப் பார்த்தாள். அவள் கழுத்து சிவந்தது.

"ஆனா... அட்டையில பேரு இருக்கே!"

"இருக்கு."

"உங்ககிட்ட படம் கேட்டு அந்தத் துக்கத்துல தொந்தரவு குடுக்க வேணாம்னு நெனச்சேன். எங்ககிட்ட இருந்ததுல பேரோட இருந்தது இது ஒண்ணுதான்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க பேருக்குப் பின்னால நீங்க ஏன் உக்காந்திருந்தீங்க?"

அவள் கேட்டதில் விஷம் இல்லை. அதனால்தான் அது உள்ளே வரை போனது. பின்னால் நின்றிருந்த பெனடிக்ட் மெதுவாக, "ஏன்னா உங்கள்ல ஒருத்தருக்கும் தெரியல" என்றான்.

"நாளைக்குக் காலையில செய்தித்தாள்ல திருத்தம் போட்டுடறேன்" என்றாள் ஜூடித். மாநாட்டில் தினமும் அச்சடித்துத் தருகிற ஒற்றைத் தாளைச் சொன்னாள். "நல்ல படமா ஒண்ணு குடுங்க. நானே நின்னு அச்சடிக்கறேன். ஒவ்வொரு நாற்காலியிலயும் வைக்கறேன். சத்தியமா."

வெளியே வந்ததும் பெனடிக்ட் என் தோளைத் தட்டினான். "செத்ததுக்கப்புறமும் அவங்களுக்குப் பதிலா நீங்கதான் நிக்கணும் போல, அக்கா."

"வாயக் கழுவுடா."

"அழ வேணாமேன்னு சொன்னேன்." அவன்தான் அழுதுகொண்டிருந்தான்.

மேஜைக்குத் திரும்பும் வழியில் கைத்தடி ஊன்றிய வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி என்னைக் கண்டு கத்திவிட்டாள். தடி கீழே விழுந்தது. இரண்டு கைகளாலும் என்னைக் கட்டிக்கொண்டாள்.

"டோர்கஸ்! நீங்க இருக்கீங்களா! படத்தப் பாத்துட்டு வெளியில வந்து ஒரே அழுகை. என்ன முட்டாள்தனம் பண்றாங்க இவங்க! இருக்கீங்களே, அது போதும்."

அந்தப் பனி பெய்த வருடம் பஸ் நிறுத்தத்தில் டோர்கஸ் தன் பச்சைக் கோட்டைக் கழற்றித் தந்ததற்கு ஒழுங்காக நன்றிகூடச் சொல்லவில்லை, இத்தனை நாள் அது உறுத்திக்கொண்டே இருந்தது என்றாள். எனக்கு அந்தக் கோட்டைத் தெரியும். பஸ்ஸில் மறந்துவிட்டேன் என்றுதான் டோர்கஸ் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். கவனம் இல்லாதவள் என்று ஏமஸ் ஒரு மாதம் அவளைத் திட்டினார்.

பேசாமல் அந்த நன்றியை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அந்தக் கிழவி நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். ஆனால் அன்றைக்கு அந்தப் பெயரை இன்னொரு தடவை என்னால் தாங்க முடியவில்லை.

"நான் எர்லீன்ம்மா. அவளோட தோழி."

அவள் கைகள் என் தோளிலேயே இருந்தன. முகம் மட்டும் மெல்ல மாறியது. "அப்போ... அவங்க?"

"செப்டம்பர்ல."

தடியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி போனாள். டோர்கஸை மருத்துவமனையில் ஒருமுறை இழந்தேன். ஓட்டல் தாழ்வாரத்தில் நானே இன்னொருமுறை அவளைக் கொன்றேன்.

*

ஏமஸ் எங்கள் மேஜையருகில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இஞ்சி மிட்டாய்க் கிண்ணத்தை மேஜைத் துணியின் நட்சத்திரத்துக்கு நேராக நகர்த்தி வைத்திருந்தார்.

"சிஸ்டர் எர்லீன், மொகம் உங்க மொகம். பேரு அவ பேரு. என் கண்ணு இன்னும் அவ்வளவு கெட்டுப்போகல."

உண்மையைச் சொல்வது நல்லது என்றுதான் சிறுவயது முதல் கேட்டிருக்கிறேன். நானும் சபையில் குழந்தைகளுக்கு அதையே சொல்லியிருக்கிறேன். உண்மை யாருடைய கையிலிருந்து எதைப் பிடுங்கும் என்று அந்தப் பாடங்களில் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஞாயிறு, அவள் படுத்திருந்தது, நான் போனது, சிரித்தது.

அவர் மிட்டாய்க் கிண்ணத்தை இன்னும் ஒரு விரலளவு நகர்த்தி வைத்தார்.

"அன்னைக்கு மத்தியானம் எனக்கு போன் பண்ணா" என்றார். "மேடையில என்ன பேசுனேன்னு ஒண்ணொண்ணா சொன்னா. எவனோ ஒருத்தன் எந்திரிச்சு, 'எதிர்காலத்துல நெறம்னு ஒண்ணே இருக்காதே, அப்புறம் எதுக்கு உங்க சங்கம்'னு கேட்டானாம்."

"கேட்டாரு பிரதர்."

"அதுக்கு இவ சொன்னாளாம், 'நெறமே இருக்காதுன்னா, அதுக்குள்ள எங்கள எல்லாம் என்ன பண்ணிட்டீங்க?'ன்னு. ஹாலே கப்சிப்புன்னு ஆயிடுச்சாம்." அவர் முகத்தில் பழைய பெருமை ஒரு கணம் தெரிந்தது. "அடுத்த வாரம் சபையில எந்திரிச்சு இத சாட்சியாவே சொன்னேன். ஒங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்க முன்னால உக்காந்திருந்தீங்க."

ஞாபகம் இருந்தது. ஆமென் என்று நானும் சொன்னேன்.

"அந்தக் கேள்விக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க சிஸ்டர்?"

"ஒண்ணும் சொல்லல. சிரிச்சேன். நல்ல கேள்வின்னு சொன்னேன். ரூமுக்கு வந்து அவகிட்ட சொன்னதும் படுத்துக்கிட்டே அவ அந்தப் பதிலைச் சொன்னா."

"அப்போ இங்க ஒருத்தரும் அதக் கேக்கல."

"இல்ல பிரதர்."

"விட்டத்தப் பாத்துச் சொல்லியிருக்கா."

"என்னப் பாத்துச் சொன்னா."

அவர் தலையசைத்தார். தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மொகம் போனா பரவாயில்ல, அந்த வார்த்தையாவது இங்க இருக்கும்னு நெனச்சேன். அதையும் எடுத்துட்டீங்களே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார். பிறகு பர்ஸிலிருந்து ஒரு படத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். சபைப் பதிவேட்டுக்காக எடுத்தது. டோர்கஸ் இறகு வைத்த தொப்பியோடு, இந்த உலகத்தில் எந்தக் கேமராவுக்கும் தராத சிரிப்போடு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதக் குடுங்க. பத்திரமாத் திருப்பி வேணும்" என்றார்.

*

ஞாயிறு காலை ஒன்பது மணி. சமையலறைக்குப் பக்கத்து அறை. பன்றி இறைச்சி வாசனை. பதினொரு பேர் வந்திருந்தார்கள்.

ஜூடித் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தாள். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு தாள் இருந்தது. 'நேற்றைய நிகழ்ச்சியில் தவறு நேர்ந்தது, வருந்துகிறோம், டோர்கஸ் விட்லோ இவரே' என்று எழுதியிருந்தது. அதன் கீழே படம்.

வெள்ளை முகங்களை அச்சடித்துப் பழகிய இயந்திரம் அது. டோர்கஸின் முகம் இருந்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டம் மட்டும் விழுந்திருந்தது. கண் இல்லை, மூக்கு இல்லை, அந்தச் சிரிப்பும் இல்லை. வட்டத்துக்கு மேலே தொப்பியின் வெள்ளை இறகு மட்டும் இழை இழையாகத் தெளிவாக இருந்தது. ஜூடித் வாசலில் நின்று, "ஐந்நூறு போட்டேன்" என்றாள். தூங்காத கண்கள். அவளுக்கு நன்றி சொன்னேன். சொல்லத்தான் வேண்டியிருந்தது.

ஏமஸ் முதல் வரிசையில் உட்கார்ந்து தாளைக் கண்ணுக்கருகில் கொண்டுபோனார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தொப்பி நல்லா விழுந்திருக்கு" என்றார்.

மேஜையில் 'எர்லீன்' என்ற அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பெனடிக்ட் பேச ஆரம்பித்தான். கதவு திறந்து அந்தக் கைத்தடிக் கிழவி உள்ளே வந்தாள். டோர்கஸின் பச்சைக் கோட்டைப் போட்டிருந்தாள். அதன் தோள்கள் அவளுக்கு மிகப் பெரிதாக இருந்தன. இடம் தேடிப் பார்த்துவிட்டு ஏமஸுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மூன்றாம் வரிசையில் ஒருவர் காகிதக் கோப்பையைப் பக்கத்து நாற்காலியில், திருத்தத் தாளின் மேல் வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார். இரண்டு வருடத்துக்கு முன்னால் கேள்வி கேட்ட அதே ஆள்தானா என்று எனக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிட்டிருந்தார்கள்.

"தப்பா நெனைக்கக் கூடாது. ஆயிரம் வருஷம் கழிச்சு நடக்கற கதையில நிறம்னு ஒண்ணே இருக்காதே. அப்புறம் எதுக்கு உங்க சங்கம்?"

பெனடிக்ட் என்னைப் பார்த்தான். ஏமஸ் தாளிலிருந்து நிமிரவில்லை. கட்டைவிரலால் அந்தக் கறுப்பு வட்டத்தை மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தார், மையை விலக்கினால் அடியில் அவள் இருப்பாள் என்பது போல.

"இது என்னோட பதில் இல்ல" என்றேன். "டோர்கஸ் விட்லோ சொன்னது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால சொன்னா. நீங்க யாரும் கேக்கல. நெறமே இருக்காதுன்னா, அதுக்குள்ள எங்கள எல்லாம் என்ன பண்ணிட்டீங்க?"

அறை கப்சிப்பென்று ஆனது. சமையலறையில் எண்ணெய் பொரியும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் குறிப்பேட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார், கீழே கோடும் இழுத்தார். முகம் மலர்ந்து, உண்மையான மரியாதையோடு தலையசைத்தார்.

"ரொம்பச் சரியாச் சொன்னீங்க, டோர்கஸ்."

யாரும் சிரிக்கவில்லை. பெனடிக்ட் மேஜைக்கு அடியில் என் கையைத் தேடிப் பிடித்தான்.

ஏமஸ் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தார். மை முழுதாகக் காய்ந்திருக்கவில்லை. அவர் விரலோடு அது மேலே ஏறி, அந்த இறகின் இழைகள் மேலும் படிந்தது. கட்டைவிரல் கறுத்துவிட்டதைக் கண்டு எங்கே துடைப்பதென்று தெரியாமல், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில் பட்டுவிடாதபடி கையைத் தள்ளி அந்தரத்தில் பிடித்துக்கொண்டார். பக்கத்திலிருந்த கிழவி அதைப் பார்த்தாள். அவர் கையைத் தன் மடிக்கு இழுத்து, பச்சைக் கோட்டின் கை நுனியால் அந்த விரலை மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பச்சைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.